கரும்புயல் மங்கலாகத் தெரிகிறார்

மாமா: இதுக்கு நான் ஒரு தட்டுல கஞ்சியை ஊத்தி கேமரா முன்னாடி வச்சிருக்கலாம் மாப்ள.

மச்சினன்: எதுக்கு மாமா?

மாமா: நீயே பாரு. இது என் முகமாம். மூக்கு எங்க?

மச்சினன்: அதோ... இல்ல, அது மைக்கு. இருங்க... இதுதான் மூக்கு.

மாமா: அது காதுடா!

மச்சினன்: கொஞ்சம் அசையாம இருங்க, தெளிஞ்சுரும்.

மாமா: லைவ்ல வாத்துச் சண்டை கேம் ஆடறவன் அசையாம எப்படிடா இருப்பான்? வாத்து நின்னா நல்லாத்தான் இருக்கு. ஓட ஆரம்பிச்சா கட்டம் கட்டமா உடையுது. நேத்து ஒருத்தன் எழுதறான், ‘கரும்புயல் அண்ணே, அது வாத்தா, தலையணையா’ன்னு.

மச்சினன்: யாரு அது?

மாமா: ‘அரைத்தூக்கம்’னு பேர் வச்சிருக்கான். தினம் வருவான். ஆனா அவன் கேட்டதுல தப்பில்ல. ஊர்ல பாதிப்பேருக்குக் கண்ணாடி மாட்டி விட்டவன் நான். என் கடையில வந்து உக்காந்தா அட்டையில கடைசி வரி வரைக்கும் படிக்க வச்சுத்தான் அனுப்புவேன். எனக்கு வந்த கதியைப் பாரு. நீயும் இருக்கியே, கடை கடையா கேமரா மாட்டறவன்! திருடன் மூஞ்சி எவ்வளவு அழகா விழுது! சொந்த அக்கா புருஷன் மூஞ்சி விழ மாட்டேங்குது.

மச்சினன்: திருடன் லைவ் போடறதில்லையே மாமா.

மாமா: மெதுவா பேசு. உங்க அக்காவுக்குக் கேக்கப் போகுது.

மச்சினன்: அவ எங்க?

மாமா: மாடியில. கதவைச் சாத்திட்டு மூச்சுப் பயிற்சி. அவளைப் பொறுத்தவரைக்கும் நான் இப்போ லென்ஸ் கம்பெனிக்காரங்க நடத்தற ஆன்லைன் வகுப்புல இருக்கேன்.

மச்சினன்: இத்தனை மாசமாவா?

மாமா: லென்ஸ்ல அவ்வளவு விஷயம் இருக்குடா.

மச்சினன்: ஒருநாள் சொல்லிட வேண்டியதுதானே?

மாமா: யார்கிட்ட? உங்க அக்காகிட்டயா? அவ பள்ளிக்கூட வராண்டாவுல நடந்து வந்தா ஃபேன்கூட மெதுவா சுத்தும். அவ்வளவு பெரிய தலைமை ஆசிரியை. அவ புருஷன் தினம் சாயங்காலம் உக்காந்து, ஹெல்மெட் போட்ட வாத்தை வச்சுக்கிட்டு, தண்ணிக்கு மேல இருக்கிற பலகையில இருந்து இன்னொரு வாத்தைத் தள்ளி விடறான்னு தெரிஞ்சா...

மச்சினன்: என்ன பண்ணுவா?

மாமா: ஒண்ணும் பண்ண மாட்டா. ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வைக்கு என் கடையில கண்ணாடி கிடையாது.

மச்சினன்: சரி, அப்ப மங்கலா இருக்கறதே நல்லதுதானே? யாரும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதுக்குத்தானே கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம்...

மாமா: இன்னைக்கு முடியாது. இன்னைக்குத் தெளிவா தெரியணும். இன்னைக்கு யாரோட ஆட்டம் தெரியுமா? பேய்மழையோட!

மச்சினன்: ஓ... இன்னைக்கா அது...

மாமா: தோத்தவன் சேனலை மூடிட்டுப் போயிரணும். போன வாரம் அத்தனை பேர் முன்னாடி வாய் விட்டுட்டோம். அவன் சொன்னான், ‘உன் வாத்தைப் பொரிச்சு உனக்கே வைக்கறேன்டா’ன்னு. எனக்கு ரத்தம் ஏறிடுச்சு. மூடறோம், ரெண்டுல ஒருத்தன் மூடறோம்னு சொல்லிட்டேன்.

மச்சினன்: யாரு மாமா அந்தப் பேய்மழை? உங்களுக்கு ஏதாவது... யூகம்?

மாமா: எவனோ. வாத்து முகமூடி மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். குரலைக் கேட்டா லாரி மேடு ஏறற மாதிரி இருக்கும். பொல்லாத வாய். போன மாசம் என்னைப் பாத்து ‘மூளை இருக்க வேண்டிய இடத்துல முட்டையிட்டு வச்சிருக்கே’ன்னான்.

மாடியிலிருந்து அக்கா: வாடா! வாடா இன்னைக்கு! இறக்கையைப் பிச்சுடறேன்!

மாமா: என்ன முழிக்கிற? மூச்சுப் பயிற்சிடா. உள்ளே இருக்கற கோபத்தையெல்லாம் வெளியேத்தறது.

மச்சினன்: இறக்கையை...

மாமா: கோபத்துக்கு இறக்கை இருக்காம். அவளே சொல்லியிருக்கா. நீ வேலையைப் பாரு. இந்த செட்டிங்ஸைத் திற.

மச்சினன்: திறந்துட்டேன் மாமா. நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க.

மாமா: நில்லு, கையை எடு. இதென்ன எண்ணூறு?

மச்சினன்: எது?

மாமா: பிட்ரேட்டுன்னு போட்டு பக்கத்துல எண்ணூறு.

மச்சினன்: அது... மாடல் நம்பர் மாமா.

மாமா: மாப்ள.

மச்சினன்: சரி சரி. பிட்ரேட்னா ஒரு விநாடிக்கு உங்க படத்துல எவ்வளவு விஷயம் வெளிய போகுதுங்கற அளவு. எண்ணூறு கம்மிதான்.

மாமா: எவ்வளவு இருக்கணும்?

மச்சினன்: நீங்க போடற பெரிய படத்துக்கு, அதுவும் வாத்து ஓடற வேகத்துக்கு... ஆறாயிரம்.

மாமா: ஆறாயிரம் இருக்கற இடத்துல எண்ணூறா! இதை யார் வச்சது?

மச்சினன்: யாரோ...

மாமா: நீதானே வச்ச? இதைத் தொடற ஒரே ஆள் நீதானே?

மச்சினன்: அப்போ சூழ்நிலை அப்படி.

மாமா: என்ன சூழ்நிலை?

மச்சினன்: மழைக்காலம். விடுங்க மாமா, இப்ப மாத்திடலாம். முதல்ல ஜன்னலைத் திறங்க. அறையில வெளிச்சம் கம்மியா இருந்தா கேமரா புள்ளி புள்ளியா காட்டும். அந்தப் புள்ளியெல்லாம் சேர்ந்து பிட்ரேட்டைத் தின்னுடும். முகத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது.

மாமா: என் முகத்தைவிடப் புள்ளிக்கு மரியாதை. சரி, திறந்துட்டேன். இப்போ ஆறாயிரம் போடு.

மச்சினன்: அவசரப்படாதீங்க. வெளிய போற வழி எவ்வளவு அகலம்னு முதல்ல பாக்கணும். வீட்ல இருந்து நெட்டுக்கு நாம அனுப்பறதுதான் அப்லோடு. உங்க கம்பெனிக்காரன் எத்தனை ஆயிரம் தர்றான்?

மாமா: எட்டு. எட்டுக்கு ஒரு துளி குறைஞ்சாலும் போன் பண்ணுங்க சார்னு சொன்னான்.

மச்சினன்: அளந்து பாப்போம்... ம்... ஓடுது... ஐயோ.

மாமா: எவ்வளவு?

மச்சினன்: ரெண்டு.

மாமா: மிச்சம் ஆறு எங்கடா?

மச்சினன்: வைஃபைன்னா அப்படித்தான் மாமா, சுவர் குடிச்சிடும்.

மாமா: நான் கேபிள்ல இருக்கேன். இதோ, இந்த நீலக் கேபிள். போன வாரம் நீயே சொருகிட்டுப் போன.

மச்சினன்: ஆமால்ல... அப்ப ஃப்ரிட்ஜா இருக்கும்.

மாமா: ஃப்ரிட்ஜுக்கு எதுக்குடா நெட்டு?

மச்சினன்: இப்ப வர்றதுல எல்லாம் இருக்கு மாமா.

மாமா: இது எங்க கல்யாணத்துக்கு உங்க அப்பா வாங்கித் தந்தது. கதவு சாத்தறதுக்கே ஒரு ஆள் சாயணும். அது லைவ் போடுதாக்கும்?

மச்சினன்: நான் அப்படிச் சொல்லல...

மாமா: யாரோ நம்ம நெட்டைத் திங்கறான். பக்கத்து வீட்டுக்காரர் வாசல்லயே போனை வச்சுக்கிட்டு நிக்கறாரு, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ரவுட்டரை அணைச்சுட்டு வைஃபையை மொத்தமா நிறுத்திடறேன். என் கேபிள் மட்டும் போதும்.

மச்சினன்: வேண்டாம் மாமா! மாமா, கேளுங்க! அக்காவோட மூச்சு...

மாமா: உங்க அக்காவுக்கு மூச்சு விடறதுக்கு நெட் எதுக்குடா? பொறந்ததுல இருந்து சும்மாதானே விட்டுட்டு இருக்கா? இதோ, அணைச்சாச்சு.

மாடியிலிருந்து அக்கா: டேய் தம்பி! நெட் போயிடுச்சுடா!

மாமா: ஐயையோ, வர்றா. மூடு, அந்த வாத்தை மூடு!

மச்சினன்: எதைப் போட்டு மூட?

மாமா: கண்ணு படம் ஒண்ணு இருக்கு, பெருசா, நரம்பெல்லாம் தெரியும். அதைப் போடு! தொப்பி... தொப்பியை எங்க வைக்க?

மச்சினன்: உக்காருங்க, அது மேலயே உக்காருங்க!

அக்கா: யாரு நெட்டை அணைச்சது?

மாமா: வாம்மா... பயிற்சி முடிஞ்சுதா?

அக்கா: எங்க முடிய? நடுவுல நின்னு போச்சு. பாதி மூச்சு உள்ளேயே நிக்குது. நீங்க வகுப்புலதானே இருந்தீங்க?

மாமா: ஆமா. இன்னைக்கு... விழித்திரை. பாரு, எவ்வளவு நரம்பு.

அக்கா: தம்பி எதுக்கு வந்திருக்கான்?

மச்சினன்: நான்... நரம்பு பாக்க.

மாமா: ஏம்மா, மூக்கு மேல என்ன மஞ்சளா ஒட்டியிருக்கு?

அக்கா: இதா? ஒரு மூக்கை அடைச்சு இன்னொரு மூக்குல விடற பயிற்சி. அதுக்குன்னு... ஒரு கிளிப் இருக்கு.

மாமா: மஞ்சள் கிளிப்பா?

அக்கா: உங்களுக்கு விழித்திரை, எனக்கு மூக்கு. நான் அதைக் கேட்டேனா? முதல்ல நெட்டைப் போடுங்க.

மாமா: போடறேம்மா. ஆனா எனக்குப் பத்தலையே. என் படம் கலங்கிப் போகுது.

அக்கா: வகுப்புல நீங்க பாக்கறவர்தானே? நீங்க எதை அனுப்பறீங்க?

மாமா: நான்... என் கண்ணைக் காட்டணும். சரியா இருக்கான்னு பாக்கறாங்க.

அக்கா: எல்லாருமா?

மாமா: எல்லாரும். ஒருத்தர் கண்ணை ஒருத்தர். ஆமா, உனக்கு மட்டும் எதுக்கு அனுப்பணும்?

அக்கா: பயிற்சி சொல்லித் தர்ற அம்மாவுக்கு என் வயிறு ஏறி இறங்கறது தெரிய வேண்டாமா? இதுவரைக்கும் 1080ங்கற பெரிய படத்துல, விநாடிக்கு அறுபது ஃப்ரேம் போயிட்டிருந்தது.

மாமா: அறுபது ஃப்ரேமா! வயித்துக்கா?

அக்கா: வேகமா விடற மூச்சுங்க அது. முப்பது போட்டா இறங்கறது தெரியாது, ஏறினதுதான் தெரியும்.

மச்சினன்: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்களேன்...

அக்கா: பிட்ரேட் ஆறாயிரத்துக்குக் கீழ போனா என்னால முடியாது தம்பி.

மாமா: என்னாலயும் முடியாது.

மச்சினன்: ஆறும் ஆறும் பன்னிரண்டு. இருக்கறது எட்டு. அதையும் முழுசா வழிய விடக்கூடாது, கொஞ்சம் மிச்சம் வைக்கணும். ரெண்டு பேரும் படத்தைச் சின்னதாக்குங்க. 720. முப்பது ஃப்ரேம். ஆளுக்கு மூவாயிரம்.

மாமா: சின்னதாக்கினா தெளிவு எப்படிடா வரும்?

மச்சினன்: ஒரு கரண்டி எண்ணெயை அண்டாவுல ஊத்தினா அடியில ஈரம்கூடத் தெரியாது. அதையே சின்ன சட்டியில ஊத்தினா அப்பளம் பொரிக்கலாம். அவ்வளவுதான் மாமா விஷயம். பெரிய படத்தைக் கேட்டு ரெண்டு பேரும் கலங்கலா போறதுக்கு, சின்னப் படத்துல ரெண்டு பேரும் தெளிவா போகலாம்.

அக்கா: ...முப்பது ஃப்ரேம்ல அடி விழற நேரத்துல திரும்ப முடியுமா?

மச்சினன்: அக்கா!

அக்கா: மூச்சு... மூச்சு திரும்பற நேரம்.

மச்சினன்: முடியும். ஆட்டம்... வகுப்பு உங்க கம்ப்யூட்டர்ல வேகமாத்தான் ஓடும். வெளிய போற படம்தான் முப்பது. மேல போ அக்கா, உன்னோடதை நீயே மாத்திக்கோ. உனக்குத்தான் தெரியுமே.

மாமா: அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: பள்ளிக்கூடத்துல எல்லாம் இருக்குங்க. சரி, நான் போறேன். சீக்கிரம் நெட்டைப் போடுங்க, எனக்கு நேரமாச்சு.

மாமா: எனக்கும்தான். போயிட்டு வாம்மா. நல்லா மூச்சு விடு.

அக்கா: நீங்களும் கண்ணை நல்லா காட்டுங்க.

மாமா: ...போயிட்டாளா?

மச்சினன்: போயிட்டா. எந்திரிங்க, தொப்பி நசுங்குது.

மாமா: கொஞ்சத்துல தப்பிச்சோம். அவளுக்குத் துளிகூட சந்தேகம் வரலை பாத்தியா?

மச்சினன்: இல்ல மாமா. துளிகூட.

மாமா: ரவுட்டர் வந்துருச்சு. மூவாயிரம் போட்டுட்டியா? லைவ் போடு. போட்டாச்சா? டேய்... டேய், என் மூக்கு!

மச்சினன்: தெரியுதா?

மாமா: என் மூக்குல இருக்கற மச்சம் தெரியுதுடா! இத்தனை மாசம் இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?

மச்சினன்: சாட்ல எழுதறாங்க மாமா. ‘அண்ணே, நீங்க மனுஷனா?’ இது அரைத்தூக்கம். ‘சைக்கிள் செயின்’ எழுதறாரு, ‘இவ்வளவு நாளா இது ஒரு பெண்மணின்னு நினைச்சுட்டிருந்தேன்.’

மாமா: பரவாயில்ல. இந்தா, இந்தத் தொப்பியைப் பிடி. கறுப்புக் கண்ணாடியையும் பிடி.

மச்சினன்: மாமா, வேண்டாம்! கழட்டாதீங்க! யாராவது கண்டுபிடிச்சுட்டா?

மாமா: கண்டுபிடிக்கட்டும். கடைசி ஆட்டமா இருந்தா முகத்தோட போறேன். பேய்மழை வந்துட்டான் பாரு. டேய் பேய்மழை! இருக்கியா, கரைஞ்சுட்டியா?

ஸ்பீக்கரில் பேய்மழை: ...

மாமா: என்னடா, வாயடைச்சுப் போச்சா?

ஸ்பீக்கரில் பேய்மழை: ...இன்னைக்குப் படம் நல்லா இருக்குடா கரும்புயல்.

மாமா: வயிறு எரியுதா?

ஸ்பீக்கரில் பேய்மழை: சட்டையும் நல்லா இருக்கு. ரெண்டாவது பட்டன் போடலை.

மாமா: எங்க? அட, ஆமா... போட்டுட்டேன். இப்போ சரியா?

ஸ்பீக்கரில் பேய்மழை: ம். சரி, இப்ப செத்தே நீ! வாடா மேல!

மச்சினன்: மாமா, சாட்ல ஒருத்தர் கேக்கறாரு... வேண்டாம், விடுங்க.

மாமா: படிடா.

மச்சினன்: ‘கரும்புயல் பின்னாடி தொங்கற திரைச்சீலையும் பேய்மழை பின்னாடி தொங்கறதும் ஒண்ணா இருக்கே. பச்சையில மஞ்சள் குடை.’

மாமா: கடையில ஒரே ஒரு திரைச்சீலையா விப்பாங்க? ஆயிரம் பேர் வாங்குவான். அப்படியே பதில் எழுதிடு. டேய் பேய்மழை, இந்தா வாங்கிக்கோ! முட்டினேன் பாரு!

ஸ்பீக்கரில் பேய்மழை: இதுவா முட்டு? எங்க வீட்டுத் தலையணை இதைவிட நல்லா முட்டும்!

மாமா: உங்க வீட்ல தலையணைதான் விளையாடுதா? அதான் கொஞ்சம் மூளை தெரியுது!

மச்சினன்: மாமா, வாசல்ல மணி அடிக்குது.

மாமா: ஒரு நிமிஷம் பேய்மழை, யாரோ வந்திருக்காங்க.

ஸ்பீக்கரில் பேய்மழை: இருடா, இங்கயும் யாரோ மணி அடிக்கறாங்க.

மாடியிலிருந்து அக்கா: தம்பி, யாருன்னு போய் பாரு!

ஸ்பீக்கரில் பேய்மழை: தம்பி, யாருன்னு போய் பாரு!

மாமா: அவன் வீட்லயும் ஒரு தம்பி இருக்கான் போலிருக்கு. என்னடா நிக்கற? போய் பாரு.

மச்சினன்: மாமா, உங்களுக்கு இதுல... எதுவுமே... தோணலையா?

மாமா: என்ன தோணணும்?

மச்சினன்: ஒண்ணுமில்ல. போறேன்.

மாமா: சீக்கிரம் வா... பாரு பேய்மழை, எல்லா வீட்லயும் இதே தொல்லைதான். ஆட்டத்துக்கு நடுவுலதான் மணி அடிப்பாங்க.

ஸ்பீக்கரில் பேய்மழை: உங்க வீட்ல யாருடா வந்திருக்கா?

மாமா: தெரியலை. உங்க வீட்ல?

ஸ்பீக்கரில் பேய்மழை: தெரியலை.

மச்சினன்: பக்கத்து வீட்டுக்காரர் மாமா. ஏணி கேக்கறாரு.

மாமா: வாசல்ல சாத்தி வச்சிருக்கேன், எடுத்துக்கச் சொல்லு. எங்க வீட்ல ஏணி கேட்டு வந்திருக்காங்க பேய்மழை. உங்க வீட்ல?

ஸ்பீக்கரில் பேய்மழை: இங்க... பால்.

மாமா: சரி, வா. எங்க விட்டோம்? பலகைக்கு நடுவுல. வா, தள்ளு.

ஸ்பீக்கரில் பேய்மழை: நீ தள்ளு.

மாமா: நீ தள்ளு, பாப்போம்.

ஸ்பீக்கரில் பேய்மழை: ஏன், பயமா?

மச்சினன்: மாமா, உங்க வாத்து ஏன் பின்னாடி போகுது?

மாமா: ஓடி வந்து முட்டறதுக்குடா. தூரம் வேணும்ல?

மச்சினன்: ஓரத்துக்கே வந்துட்டீங்க! இன்னும் ஒரு அடி வச்சா தண்ணி!

மாமா: தெரியும், தெரியும்... ஏய், அவன் வாத்து ஏன் பின்னாடி போகுது?

ஸ்பீக்கரில் பேய்மழை: நானும் ஓடி வரத்தான்.

மாமா: அதுக்கு இவ்வளவு தூரமா? டேய், நில்லு! வால் வெளிய போயிடுச்சு, விழுந்துருவே!

ஸ்பீக்கரில் பேய்மழை: உனக்கென்ன? நான் விழுந்தா நீ ஜெயிப்பே!

மாமா: நீ விழுந்தா நீ மூடணும்டா! நில்லுடா!

ஸ்பீக்கரில் பேய்மழை: நீ முதல்ல முன்னாடி வா! நீ எதுக்கு ஒத்தக்கால்ல நிக்கற?

மாமா: சமநிலைக்கு!

மச்சினன்: சாட் பத்தி எரியுது மாமா. ‘இது ஆட்டமா, பஸ்ல சீட்டு விட்டுக் குடுக்கறதா?’ ‘யாராவது யாரையாவது முட்டுங்கய்யா.’ அரைத்தூக்கம் எழுதறான், ‘எனக்கு அழுகையா வருது, ஏன்னு தெரியலை.’

மாமா: பேய்மழை, நான் சொல்றதைக் கேளு. உன் சேனலுக்குப் பாக்கறவங்க அதிகம். நீ இருக்கணும். நான் குதிக்கறேன்.

ஸ்பீக்கரில் பேய்மழை: குதிச்சே... நடக்கறதே வேற! நான்தான் குதிப்பேன்!

மாமா: நான் ஏற்கெனவே குதிச்சுட்டேன்!

ஸ்பீக்கரில் பேய்மழை: நானும்!

மச்சினன்: ரெண்டு வாத்தும் தண்ணியில! ஒரே நேரத்துல! மாமா, ‘சமன்’னு வருது! யாரும் தோக்கலை!

மாமா: அப்ப யாரும் மூட வேண்டாமா?

மச்சினன்: வேண்டாம்!

மாமா: கேட்டியாடா பேய்மழை? பொழைச்சுப் போ! அடுத்த வாரம் வச்சுக்கறேன் உன்னை!

ஸ்பீக்கரில் பேய்மழை: வாடா, வாடா! அடுத்த வாரம் உன் இறகுல தலையணை தைக்கறேன்!

மாமா: நிறுத்திடு மாப்ள. லைவை நிறுத்து. அப்பாடா... உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. முகம் கழுவிட்டு, அந்த மனுஷருக்கு ஏணி கிடைச்சுதான்னு பாத்துட்டு வரேன். அக்கா வந்தா வகுப்பு முடிஞ்சுதுன்னு சொல்லு.

மச்சினன்: சொல்றேன் மாமா.

அக்கா: எங்கடா அவரு?

மச்சினன்: வெளிய. ஏணி. நீ ஏன்க்கா குதிச்ச?

அக்கா: மெதுவா பேசு. எங்க குதிச்சேன்? மூச்சு விட்டுட்டு இருந்தேன்.

மச்சினன்: அக்கா, என்னால முடியலை. நீ சொன்னேன்னு அவர் பிட்ரேட்டை எண்ணூறுல வச்சேன். ‘அவர் பின்னாடி குடை போட்ட திரைச்சீலை தெரியுது, நம்ம வீடுன்னு கண்டுபிடிச்சுருவாங்க, மங்கலாக்கிடு, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைப் பெத்தவங்க பாத்துட்டா மானம் போயிடும்’னு அழுதே. அவரும் மாசக்கணக்கா மூக்கைத் தேடிட்டிருந்தாரு. நல்லது. இன்னைக்கு ஒரு முட்டு முட்டியிருந்தா உன் தொல்லை ஒழிஞ்சிருக்கும். அவர் மூடியிருப்பாரு. ஏன் குதிச்ச?

அக்கா: அவர் மூடினா சாயங்காலம் முழுக்க என் பின்னாடியே சுத்தி ‘என்ன சமையல், என்ன சமையல்’னு கேப்பாருடா.

மச்சினன்: அதுக்காகவா?

அக்கா: ...பொண்ணு படிக்கப் போனதுக்கப்புறம் இந்த வீட்ல யாருடா சத்தமா பேசறது? நானும் அவரும் நாள் பூரா சேர்த்தா பத்து வார்த்தை. உப்பு போதுமா, கதவைச் சாத்தியாச்சா. ஒருநாள் தற்செயலா அந்த ஆட்டத்துல அவர் குரலைக் கேட்டேன். ‘வாடா’ன்னாரு. எவ்வளவு கம்பீரமா! நானும் ஒரு முகமூடியை வாங்கி மாட்டிட்டு ‘போடா’ன்னேன். கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவரை டா போட்டதில்லை. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?

மச்சினன்: இதை அவர்கிட்டயே சொல்லேன்.

அக்கா: சொன்னா அடுத்த நிமிஷம் மரியாதையா பேச ஆரம்பிச்சுடுவாரு. கெட்டது காரியம். அவருக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளைக்கே பழையபடி எண்ணூறு ஆக்கிடு. இன்னைக்கு அந்த முகம் பளிச்சுனு தெரிஞ்சதும் எனக்கு வாத்தே ஓடலை. சரி, வர்றாரு. நான் உள்ளே போய் டீ போடறேன். வாயைத் திறந்தே...

மச்சினன்: திறக்கலை. போ.

மாமா: ஏணி கிடைச்சிருச்சாம். அக்கா எங்க?

மச்சினன்: டீ போடறா மாமா. மூச்சு நல்லா வந்துதாம்.

மாமா: சந்தோஷம். மாப்ள, படத்தை மறுபடியும் மங்கலாக்கச் சொன்னாளா?

மச்சினன்: ஆமா மாமா, நாளைக்கே... மாமா?

மாமா: ஆக்காத.

மச்சினன்: மாமா, உங்களுக்கு... எப்போல இருந்து?

மாமா: அந்த முகமூடிக்குள்ள இருந்து முதல் தடவை ‘போடா’ன்னு வந்ததே, அன்னைல இருந்து. குரலை லாரி மாதிரி ஆக்கிட்டா பொண்டாட்டி சிரிப்பு மறைஞ்சுடுமா? அவகிட்ட சொல்லித் தொலைக்காதே, ஆட்டத்தை விட்டுடுவா. ஆனா படம் மட்டும் தெளிவாவே இருக்கட்டும்டா. வீட்ல அவ என்னை நிமிர்ந்து பாத்து வருஷக்கணக்காச்சு. அங்கதான் தினம் சாயங்காலம் வச்ச கண் வாங்காம என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கா.